ஒன்றேகால் லிட்டர்

லாரி இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போதெல்லாம் ஓட்டுகிறவரின் மனைவி "மூணு" என்பாள். கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாலும் சொல்வாள். முதுகில் விழுகிற குத்தை வைத்துச் சொல்கிறவளுக்குக் கண் எதற்கு? கையால் கியர் போடுகிற வண்டியாக இருந்தால் போட்டவரைத் திட்டலாம். இது தானாகவே கியர் மாறுகிற ஆட்டோமேட்டிக் வண்டி, யாரைத் திட்டுவது? அதனால் எண்ணினாள். முதல் வருடம் அது கேலியாக இருந்தது. அப்புறம் பழக்கமானது. நாலாவது வருடம், அந்தக் குத்து இருக்கையையே ஆட்டிவிட்டுப் போக ஆரம்பித்ததும், அவள் சொல்கிற "மூணு"வில் சிரிப்பு வற்றிப்போனது.

ஏனென்றால் பின்னால் இருந்தது கண்ணாடி. ஆள் உயரத்துக்கும் மேலான பலகைகள். சாய்வான இரும்புச் சட்டத்தில் இரண்டு பக்கமும் சாய்த்து, நடுநடுவே ரப்பர் துண்டு கொடுத்து, பட்டையால் இழுத்துக் கட்டியிருக்கும். ரப்பர் வைப்பதும், பட்டையை இறுக்குவதும், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று "வாங்க, வாங்க, போதும்" என்று கத்துவதும் மனைவியின் வேலை. ஓட்டுவது அவருடைய வேலை. நாள் முழுக்க ஒரே வண்டியில் இருப்பதால், ஒருவர் செய்த தப்பை மற்றவர் சொல்லிக்காட்ட நேரத்துக்குப் பஞ்சமே இல்லை.

அவர்கள் சரக்கு ஏற்றுகிற கண்ணாடிக் கிடங்கில் அவருக்கு மில்லி என்று பெயர். டீயில் சர்க்கரை போடும்போதுகூட ஸ்பூனை விரலால் வழித்துச் சமன் செய்து போடுகிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? டயருக்குக் காற்றடிக்கிற கடையின் மீட்டரை நம்பாமல் சொந்தமாக ஒன்று வாங்கி வைத்திருந்தார். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஓர் அலமாரி, அதில் வரிசையாக பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி, என்ன, எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதியிருப்பார். கல்யாண நாளை இரண்டு தடவை மறந்திருக்கிறார். பிரேக் ஆயில் மாற்றிய நாளை மறந்ததே இல்லை. இதை மனைவி சொல்லாத ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது.

ஆனால் சிரிக்கிறவர்களுக்கு அவருடைய முழங்காலைப் பற்றித் தெரியாது. பத்தொன்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். நெரிசலில் பேருந்து ஓட்டுவதென்றால், இடது காலால் கிளட்ச்சை மிதித்துக்கொண்டே இருப்பது என்று அர்த்தம். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையா, இரண்டாயிரமா, அளவுக்குப் பேர்போன அவரே எண்ணவில்லை. முழங்கால் எண்ணி வைத்திருந்தது. கடைசியில் டாக்டர் எலும்புப் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "இனிமே கிளட்ச் மிதிச்சீங்கன்னா, அப்புறம் நடக்கறதுக்கும் இந்தக் கால் வராது" என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் கண்ணாடிக் கிடங்கின் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வண்டி வந்தால் கயிற்றை இழுத்துத் தடுப்புக் கட்டையைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். உள்ளே போகிற ஓட்டுநர்கள் கையசைப்பார்கள், இவரும் அசைப்பார். வெயில் படாத வேலை, உட்கார்ந்த இடத்தில் சம்பளம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வருடமும் அவர் வீட்டில் வாய் திறந்தது குறைவு. ஒரே ஒரு தடவை, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்துட்டேதான் இருக்கேன். ஒரு அடி நகரலம்மா" என்றார். பத்தொன்பது வருடமும் உட்கார்ந்தே வேலை செய்த மனிதர் அப்படிச் சொன்னதை மனைவி மறக்கவில்லை.

அவள்தான் அந்த லாரியைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தாள். பூச்செடி விற்கிற ஓர் அம்மாள், தொட்டிகள் ஏற்றிப் போகிற தன் சின்ன லாரியை விற்கப்போகிறாராம். போய்ப் பார்த்தார்கள். கதவைத் திறந்தால் கீழே இரண்டே மிதிகள், வேகத்துக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று. இடது காலுக்கு வேலையே இல்லை. செடிகளைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கியவர், தொட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதார். மறைக்கவும் இல்லை. மனைவி ஏதோ ஒரு செடியின் விலையைக் கேட்கிற சாக்கில் அந்த அம்மாளை வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரமே மில்லி தன் வேலையைக் காட்டினார். இஞ்சின் ஆயில் பார்க்கக் குச்சி இருப்பதுபோல, ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்கும் தனியாக ஒரு குச்சி இருந்தது. காலையில் அதை உருவிப் பார்த்தார். கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை ஆயில் நின்றது.

"அளவு தெரியாத ஜனங்க. செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி ஊத்தி வச்சிருக்காங்க" என்று சலித்துக்கொண்டார்.

மெல்லிய ரப்பர் குழாயை விட்டு, ஊசிக்குழலால் உறிஞ்சி உறிஞ்சி, கோட்டுக்கு நேராக வரும்வரை வெளியே எடுத்தார். வந்தது ஒன்றேகால் லிட்டர். மாதுளைச் சாறு மாதிரி சிவப்பான, புத்தம் புதிய ஆயில். தூக்கி எறிய மனம் வரவில்லை. ஒரு பாட்டிலில் ஊற்றி, இறுக மூடி, 'கியர் ஆயில், ஒன்றேகால் லிட்டர், கூடுதல்' என்று எழுதித் தேதியும் போட்டு அலமாரியில் வைத்தார். அன்றிலிருந்து தினமும் காலையில், வண்டியைக் கிளப்பும் முன், வெள்ளைத் துணியும் கையுமாக வந்து குச்சியை உருவுவார். கோட்டை விட்டு ஆயில் ஒரு இம்மி நகர்ந்ததில்லை. அந்தத் துணியில் படிகிற நிறம்தான் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே வந்தது. சிவப்பு மங்கி, செங்கல் நிறமாகி, இப்போது பால் விடாத டீயின் நிறத்துக்கு வந்திருந்தது. அதை அவர் பார்க்காமல் இல்லை. அளவு சரியாக இருக்கும்போது நிறத்தைப் பற்றி என்ன கவலை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

அந்த நாலாவது வருடத்தில் ஒரு வியாழக்கிழமை, ரயில் பாலத்து ஏற்றத்தில், வண்டி மூன்றுக்கு மாறும்போது ஒரு குத்து விழுந்தது. மனைவி "மூணு" என்று சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் 'கிளிக்' என்று ஒரு சின்னச் சத்தம். இறங்கிப் பார்த்தால் பெரிய பலகை ஒன்றில் மூலைக்கு மூலை முடி மாதிரி ஒரு கோடு. கண்ணாடி ஒரு தடவை விரிசல் விட்டால் அவ்வளவுதான்.

கிடங்கு மேலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "செவ்வாய்க்கிழமைல இருந்து மேட்டு மேல கட்டற ஆஸ்பத்திரிக்குக் கண்ணாடி போகணும். ஒரு மாசத்து வேலை. உங்ககிட்டதான் குடுக்கலாம்னு இருந்தேன். ஆனா வண்டி இப்படிக் குலுங்குச்சுன்னா வேற வண்டிதான் பாக்கணும்" என்றவர், போகிற போக்கில், நல்லதாக நினைத்துக்கொண்டுதான், "உங்களுக்கென்ன மில்லி, வாசல்ல அந்த நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மனைவி எண்ணவே இல்லை. கிளட்ச் வண்டி ஓட்டக் கால் கிடையாது. இந்தக் கியர்பெட்டி போனால் நாற்காலிதான்.

வெள்ளிக்கிழமை யோசனை கேட்கப் போனார்கள். யோசனைக்கா பஞ்சம்? மனைவியின் தம்பி சொந்தமாக ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். கியர் ஆயிலைக் கழுவி மாற்றுகிற மெஷின் ஒன்றைப் புதிதாக வாங்கி, அதற்குத் துணி போர்த்தி, தூசி படாமல் வைத்திருந்தான். துணியை விலக்கிக் காட்டினான்.

"ஒரே மணி நேரம் மாமா. ரெண்டு குழாயை மாட்டிட்டா, பழசு எல்லாம் ஒரு பக்கம் வெளிய வந்துடும், புதுசு ஒரு பக்கம் உள்ள போயிடும். ஒரு சொட்டு பழசு மிச்சம் இருக்காது."

"ஒரு சொட்டுகூட இருக்காதா?" என்று மில்லி கேட்டார். அவருக்குப் பிடித்த மாதிரியான பேச்சு அது.

ஆனால் மெத்தைக் கடை லாரி ஓட்டுநர் வேறு மாதிரி சொன்னார். அந்தப் பக்கத்தில் இவரைத் தவிர ஆட்டோமேட்டிக் லாரி ஓட்டுகிறவர் அவர் ஒருவர்தான். "தொடவே தொடாதீங்க அண்ணே. பழைய பெட்டி பழைய ஆயிலுக்குப் பழகிப் போயிருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மாத்தினார், மூணாம் நாள் வண்டி முன்னாலயும் போகல, பின்னாலயும் போகல. சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. செவ்வாய்க்கிழமை மெதுவா ஓட்டுங்க, அவ்வளவுதான்."

மாற்றினால் கெட்டுப்போகும் என்று ஒருவர், மாற்றாவிட்டால் கெட்டுப்போகும் என்று ஒருவர். அன்று மாலை மில்லி டீயில் சர்க்கரையை அளக்காமல் போட்டார். அதைப் பார்த்துத்தான் மனைவிக்கு உண்மையிலேயே பயம் வந்தது. கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவனுக்குப் போன் போட்டு விசாரித்தாள். பாலத்துக்குக் கீழே ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி மட்டுமே பார்க்கிற ஒரு பெண் இருப்பதாக அவன் சொன்னான்.

சனிக்கிழமை காலை அங்கே போனார்கள். ஒர்க்‌ஷாப் என்றால் தரையில் கரி ஆயில் வழுக்கும் என்றுதான் மனைவி பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இங்கே தரையைத் துடைத்து வைத்திருந்தார்கள். நீள மேசையில் செய்தித்தாள் விரித்து, ஒரு கியர்பெட்டியின் வளையங்களைப் பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே மில்லிக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. மெக்கானிக்குக் கிட்டத்தட்ட முப்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். குச்சியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டு, பரவவிட்டுப் பார்த்தாள். பிறகு முகர்ந்தாள்.

"பழுப்பாத்தான் இருக்கு, இன்னும் கருக்கல. தீஞ்ச வாசனை இல்ல. அதுவரைக்கும் நல்லது. ஆயில் எவ்வளவு இருக்கு சார்?"

மில்லி அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்தார். "அது மட்டும் சரியா இருக்கும் மேடம். நாலு வருஷமா கோட்டை விட்டு அசைஞ்சதில்ல. தினமும் பாக்கறேன்."

"தினமும்னா எப்போ?"

"காலைல எழுந்ததும். வண்டி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, இஞ்சின் ஆயில் பாக்கும்போதே."

மெக்கானிக் தலையிலிருந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை. "ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியா..." என்று இழுத்தாள். "ஒரு நிமிஷம் இஞ்சினை ஓட விடுங்க சார். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு கியர் குச்சியை எல்லா இடத்துக்கும் ஒரு தடவை கொண்டு போயிட்டு, நிறுத்தற இடத்துலயே வச்சுடுங்க. இஞ்சினை அணைக்காதீங்க. அப்படியே இறங்கி வாங்க."

சொன்னபடி செய்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, அவர் கையில் கொடுத்தாள். கோட்டில் ஒன்றும் இல்லை. அதற்குக் கீழேயும் இல்லை. நுனியில் மட்டும் ஒட்டியும் ஒட்டாமலும் கொஞ்சம் ஈரம்.

"தப்பா விட்டிருப்பீங்க" என்றார் மில்லி. தானே விட்டு எடுத்தார். மூன்று தடவை எடுத்தார்.

மெக்கானிக் அவசரப்படுத்தவில்லை. "இஞ்சின் ஆயிலை வண்டி நிக்கும்போது பாக்கணும். இதை ஓடும்போது பாக்கணும். வண்டி நின்னா, மேல இருக்கற ஆயில் எல்லாம் கீழ தட்டுக்கு இறங்கி வந்துடும். அப்பப் பாத்தா கூட இருக்கற மாதிரிதான் தெரியும். குச்சியைத் திருப்பிப் பாருங்க சார், அந்தப் பக்கம் எழுதியிருப்பாங்க."

திருப்பினார். பொடி எழுத்தில், இரும்பில் அழுத்தி, இஞ்சின் ஓடும்போது பார்க்கவும் என்று இருந்தது. நாலு வருடம், தினமும் காலையில், வெள்ளைத் துணியால் இரண்டு பக்கமும் துடைத்த குச்சி அது. கோடு இருக்கிற பக்கத்தை மட்டும்தான் பார்த்திருந்தார்.

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. வாயில் கையை வைத்து அடக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தவளுக்கு, வந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது. அவளுக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது.

"ஏங்க... கொட்டகைல இருக்கே, அந்த பாட்டில்..."

"ஒன்றேகால் லிட்டர்" என்றார் அவர்.

விஷயத்தைக் கேட்டதும் மெக்கானிக் வண்டியின் பானட்டில் கையை வைத்தாள். "பாவம். நாலு வருஷம் அரை வயித்தோட கண்ணாடி சுமந்திருக்கு" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. வண்டிக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். அதனாலேயே அது அவருக்கு இன்னும் வலித்தது. அக்கறை இல்லாத ஆள் கையில் மாட்டியிருந்தால் யாரும் உறிஞ்சி எடுத்திருக்க மாட்டார்கள். இவரைப் போல அக்கறையான ஒருவர் கையில் மாட்டித்தான் அந்த வண்டி பட்டினி கிடந்தது.

"இப்ப என்ன பண்ணணும்?" என்று மனைவிதான் கேட்டாள்.

"ரெண்டு வழி இருக்கு. கொறையறதை மட்டும் இன்னிக்கு ஊத்தி விடறேன். செவ்வாய்க்கிழமை ஓரளவு நல்லாவே ஓடும். உள்ள எவ்வளவு தேஞ்சிருக்குன்னு தெரியாது, அவ்வளவுதான். இல்லன்னா அடித் தட்டைக் கழட்டி, உள்ள பாத்து, ஃபில்டரை மாத்தி, வெளிய வந்ததையும் கொறைஞ்சதையும் சேத்துப் புதுசா ஊத்தறேன். அப்படிப் பண்ணினா மூணுல ஒரு பங்குதான் மாறும். கொஞ்ச நாள் ஓட்டிட்டு வாங்க, மறுபடி ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. பெட்டி கொஞ்சம் கொஞ்சமா புதுசுக்குப் பழகிக்கும்."

"என் தம்பி மெஷின்ல போட்டா ஒரே மணி நேரம்னான்."

"மெஷின் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தட்டைக் கழட்டாம தள்ளினா, உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. எனக்கு முதல்ல கண்ணால பாக்கணும். தட்டுல சாம்பல் மாதிரி மசி இருந்தா தேய்மானம், அது எல்லா வண்டியிலயும் இருக்கும். கையில குத்தற மாதிரி இரும்புத் துணுக்கு இருந்தா..." என்று நிறுத்தினாள். "அப்ப நான் புது ஆயில் ஊத்தி உங்களை ஏமாத்த மாட்டேன். செவ்வாய்க்கிழமை கண்ணாடி ஏத்தாதீங்கன்னுதான் சொல்லுவேன்."

அதாவது, திறக்காமல் விட்டால் செவ்வாய்க்கிழமை நிச்சயம், அதற்கப்புறம் கடவுள் விட்ட வழி. திறந்தால் செவ்வாய்க்கிழமையே கையை விட்டுப் போகலாம். மில்லி ஓடிக்கொண்டிருந்த இஞ்சினை அணைத்துவிட்டு வந்தார். "என் அளவு மேல எனக்கே நம்பிக்கை போச்சும்மா. நீயே சொல்லு" என்றார் மனைவியிடம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் குச்சியை அவர் கையிலிருந்து வாங்கினாள். "நாலு வருஷமா ஒரு பக்கத்தை மட்டும் பாத்தீங்க. இந்தத் தடவை திருப்பிப் பாத்துடலாங்க."

"கழட்டுங்க மேடம்" என்றார் அவர்.

ஆயில் சூடு தணியவும் ஃபில்டர் வரவும் மதியம் ஆகும் என்றாள் மெக்கானிக். அந்த இடைவெளியில் மில்லிக்கு ஒரு வேலை இருந்தது. மெத்தைக் கடை ஓட்டுநரிடம் போக வேண்டும். ஏனென்றால் போன வருடம், வலியப் போய், "காலைல ஸ்டார்ட் பண்ணாம பாருங்க, கூட இருந்தா உறிஞ்சிடுங்க" என்று அவருக்குப் பாடம் எடுத்தவர் இவர்தான். ஊசிக்குழலைக்கூட இரவல் கொடுத்திருந்தார். பேருந்து ஏறிப் போனார். வழியெல்லாம் ஓட்டுநரின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடை வாசலில் மெத்தை ஏற்றிக்கொண்டிருந்தவரை ஓரமாகக் கூப்பிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். "என்னால உங்க வண்டியும் கெட்டிருக்கும். ஃபில்டர், ஆயில், எது ஆனாலும் நான் பொறுப்பு."

மெத்தைக் கடை ஓட்டுநர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அண்ணே, நீங்க சொன்னப்ப தலையாட்டினேன். உண்மைதான். ஆனா யாரு செய்வா? காலங்காத்தால எழுந்து உறிஞ்சிட்டு இருக்க எனக்கென்ன வேற வேலை இல்லையா? உங்க ஊசிக்குழல் அட்டைப்பெட்டி பிரிக்காம அப்படியே இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

அடுத்தவருடைய சோம்பேறித்தனத்துக்காக மில்லி வாழ்க்கையில் முதன்முறையாக நன்றி சொன்னார். ஊசிக்குழலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், அலமாரியிலிருந்து பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, திரும்பவும் பாலத்துக்குக் கீழே வந்தார்.

அங்கே மைத்துனன் வந்து நின்றிருந்தான். அக்கா போன் போட்டிருக்கிறாள். "என் மெஷின் மேல என் சொந்த அக்காவுக்கே நம்பிக்கை இல்ல" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஆனாலும் வண்டியைத் தூக்கி நிறுத்த நல்ல முட்டுகள் நாலும் கைவிளக்கும் கொண்டுவந்திருந்தான். மெக்கானிக் அவனிடம் விளக்கைப் பிடிக்கச் சொல்லி, "தட்டு கழட்டி ஃபில்டர் மாத்தினதுக்கு அப்புறம் உங்க மெஷினைப் போட்டா, நான் சண்டைக்கு வர மாட்டேன்" என்றாள். அதில் அவனுக்குப் பாதி மனசு ஆறியது.

போல்ட்டுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. தட்டின் ஒரு முனை இறங்கியதும், டீ நிறத்தில் ஆயில் நாடாவாகத் தொட்டியில் விழுந்தது. தட்டு முழுதாகக் கீழே வந்தபோது மில்லி திரும்பி நின்று, சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களைப் பார்க்க ஆரம்பித்தார். பெரியது இடது பக்கம், சின்னது வலது பக்கம், சரியாகத்தான் மாட்டியிருந்தது. பதினொன்று எண்ணினார். பன்னிரண்டாவது எந்த அளவு என்று படிக்க முடியவில்லை, கண் கலங்கியிருந்தது. நாற்காலி, கயிறு, தடுப்புக் கட்டை, கையசைப்பு, எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

தட்டின் அடியில் காந்தம் ஒன்று இருந்தது. அதில் சாம்பல் நிறத்தில் மசி அப்பியிருந்தது. மனைவி குனிந்து, மெக்கானிக்கைக் கேட்காமலேயே அதை வழித்து எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். நிதானமாகத் தேய்த்தாள். அப்புறம் எழுந்து வந்து, அவருடைய உள்ளங்கையைப் பிடித்து விரித்து, அந்த மசியை அதில் பூசினாள்.

"குத்தலைங்க" என்றாள்.

அவரும் தேய்த்துப் பார்த்தார். மை மாதிரி வழுவழுவென்று இருந்தது. மெக்கானிக் விளக்கை வாங்கித் தட்டின் மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, "துணுக்கு ஒண்ணும் இல்ல. வயசுக்கு ஏத்த தேய்மானம்தான். இந்தப் பெட்டி பொறுமைசாலி சார்" என்றாள். மில்லி பக்கத்திலிருந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

கொண்டுவந்த பாட்டிலைப் பார்த்து மெக்கானிக் ஆச்சரியப்பட்டாள். காகிதத்தில் அதிலிருந்து ஒரு சொட்டு, தொட்டியிலிருந்து ஒரு சொட்டு, பக்கத்தில் பக்கத்தில் விட்டாள். ஒன்று மாதுளை, இன்னொன்று டீ. ஒரே ஆயில், ஒரே வயது. "இவ்வளவு சரியா எழுதி வச்ச ஆளை நான் பாத்ததில்ல. எவ்வளவு கொறையுதுன்னு தேடிட்டு இருக்கற வேலையே இல்லாம போச்சு" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. வடிந்ததை அளந்தார்கள், மூன்றரை லிட்டர் இருந்தது. அதோடு ஒன்றேகால் சேர்த்துப் புதுசு ஊற்ற வேண்டும். ஊற்றும் குவளையை மெக்கானிக் அவரிடமே கொடுத்தாள். முதலில் கை நீட்டவில்லை. அப்புறம் வாங்கி, கோடு பார்த்து, சொட்டுக் குறையாமல் ஊற்றினார்.

ஒரு சுற்று ஓட்டி, சூடேற்றிக்கொண்டு வந்து, இஞ்சினை அணைக்காமல் குச்சியை உருவினார். முதலில் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படித்தார். பிறகுதான் கோட்டைப் பார்த்தார். நேராக நின்றது.

"சத்தியம் எல்லாம் பண்ணித் தர மாட்டேன்" என்றாள் மெக்கானிக். "பத்து வருஷம் ஓடுமா, ஒரு வருஷமான்னு எனக்குத் தெரியாது. ஆனா ஓடறதுக்கு இப்பத்தான் வயிறு நெறைஞ்சிருக்கு. ஆயிரம் கிலோமீட்டர் கழிச்சு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை அதே அலமாரியில், அதே இடத்தில் வைத்தார். பேனாவை எடுத்து, 'கூடுதல்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அதற்குக் கீழே 'நான் எடுத்தது' என்று எழுதினார். மனைவி அதை நின்று படித்தாள். ஞாயிற்றுக்கிழமை, "செடிக்காரம்மாவையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடலாங்க. நாலு வருஷமா திட்டியிருக்கோம்" என்றாள். போய் மன்னிப்புக் கேட்டார்கள். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு தொட்டிச் செடியைக் கையில் கொடுத்து அனுப்பினார். அதற்கு எவ்வளவு தண்ணீர் என்று மில்லி இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை கண்ணாடி ஏற்றினார்கள். பதினான்கு பலகைகள். மனைவி வழக்கத்தைவிட இரண்டு ரப்பர் துண்டுகள் அதிகமாக வைத்தாள். பட்டையை ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினாள். ஒரு நடை பார்க்கலாம் என்று சம்மதித்திருந்த மேலாளர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. கிடங்கு ஆள் ஒருவர் கயிற்றை இழுத்துத் தடுப்புக் கட்டையைத் தூக்கியதும், வண்டி அதைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

ரயில் பாலத்து ஏற்றம் வந்தது. அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். மனைவி கால்களைத் தரையில் ஊன்றி, முதுகை விறைத்து, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்று, இரண்டு. பின்னால் பதினான்கு பலகைகள். அவள் காத்திருந்தாள். பாலத்தின் உச்சி வந்தது, கீழே தண்டவாளம் பளபளத்தது, அந்தப் பக்கத்துச் சமவெளியில் சாலை நேராக ஓடியது. இன்னும் காத்திருந்தாள்.

"என்னங்க, மூணு இன்னும் வரலையே?" என்றாள் கடைசியில், பயத்தோடு.

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அது எப்பவோ போயிடுச்சும்மா. நாம நாலுல போயிட்டிருக்கோம்."